ஹார்மோன் காயிலை எடுத்தபின் என்ன நடக்கும்? எடுக்கும் முன்பே பேசவேண்டியவை

கர்ப்பப்பைக்குள் வைத்த ஹார்மோன் காயிலை வெளியே எடுக்க இரண்டு நிமிடம் போதும். ஊசி இல்லை, தையல் இல்லை, பெரும்பாலானவர்களுக்கு மயக்க மருந்தும் தேவைப்படாது. அரக்கோணத்தில் காலையில் எடுத்துக்கொண்டு அடுத்த ரயிலைப் பிடித்து சென்னையில் வேலைக்குப் போய்விடலாம். சிக்கல் அந்த இரண்டு நிமிடத்தில் இல்லை. அதற்கு முந்தைய ஒரு வாரத்திலும், பிந்தைய மூன்று மாதத்திலும் இருக்கிறது.

போடும்போது மருத்துவர் பேசுவார்; வலிக்குமா, எத்தனை வருஷம் இருக்கும், எவ்வளவு செலவு என்றெல்லாம் பேச்சு நடக்கும். எடுக்கும்போது அந்தப் பேச்சு காணாமல் போகிறது. "எடுத்தாச்சும்மா, ஒண்ணும் பிரச்சினை இல்ல, போகலாம்." அவ்வளவுதான். மீதியைப் பக்கத்து வீட்டு அக்காவும், நாத்தனாரும், வாட்ஸ்அப் குரூப்பும் சொல்லிக்கொடுக்கிறார்கள். "உடம்புல ஊறின ஹார்மோன் வெளியேற ஆறு மாசம் ஆகும்", "எடுத்ததும் வெயிட் மளமளன்னு குறைஞ்சிடும்", "கர்ப்பப்பைக்கு ரெஸ்ட் கொடுக்கணும்", "இனிமே குழந்தை நிக்கிறது கஷ்டம்" என்பவைதான் அங்கே அதிகம் கேட்கும் வாசகங்கள். இவற்றில் ஒன்றுகூடச் சரியில்லை. சொல்லியே ஆகவேண்டிய ஒரு எச்சரிக்கை உண்டு, அதை யாரும் சொல்வதில்லை: காயில் வெளியே வந்த அன்றே கரு தரிக்க வாய்ப்பு இருக்கிறது.

உள்ளே இருப்பது எந்தக் காயில்?

முதல் கேள்வி இதுதான். ஆனால் பலருக்குப் பதில் தெரியாது. நம் ஊரில் எல்லாமே 'காப்பர் டி'தான், இல்லையென்றால் 'லூப்'. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடுவது காப்பர் டி. அதில் ஹார்மோன் கிடையாது, செம்புக் கம்பி மட்டும் சுற்றியிருக்கும். பிரசவம் முடிந்த கையோடு அதைப் போடுவது தமிழ்நாட்டில் பரவலான வழக்கம். ஹார்மோன் காயில் வேறு. அதே 'டி' வடிவம்தான், ஆனால் தண்டுப் பகுதியில் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் 52 மில்லிகிராம் அடைத்து வைக்கப்பட்டிருக்கும். அது தினமும் மைக்ரோகிராம் கணக்கில் கர்ப்பப்பைக்குள் கசிந்துகொண்டே இருக்கும். பின்லாந்தில் உருவாகி 1990ல் விற்பனைக்கு வந்த 'மிரீனா'தான் இதில் மூத்தது. இந்தியாவில் பொதுத்துறை நிறுவனமான எச்.எல்.எல். லைஃப்கேர் 'எமிலி' என்ற பெயரில் ஒன்றைத் தயாரிக்கிறது. இந்த வகைக்குத் தனியார் மருத்துவமனையில் சில ஆயிரம் ரூபாய் ஆகும்.

இரண்டையும் எடுக்கும் முறை ஒன்றுதான். ஆனால் எடுத்த பின் நடப்பது நேர்மாறு. காப்பர் டி பலருக்கு ரத்தப்போக்கைக் கூட்டும், எடுத்தால் குறையும். ஹார்மோன் காயில் ரத்தப்போக்கைக் குறைக்கும். எடுத்தால் பழைய அளவு திரும்பும். அதனால் போட்ட அன்று தந்த அட்டை முக்கியம். அதில் எந்த வகை, எந்தத் தேதி, எத்தனை ஆண்டு என்று இருக்கும். இந்தியாவில் ஹார்மோன் காயிலுக்கு பெரும்பாலும் 5 ஆண்டு என்றே எழுதித் தருகிறார்கள். அமெரிக்காவில் மிரீனாவைக் கருத்தடைக்காக 8 ஆண்டுவரை வைத்திருக்கலாம் என்று 2022ல் அனுமதி நீட்டிக்கப்பட்டது. ஆகவே அட்டையில் இருக்கும் தேதி தாண்டி ஒரு மாதம் ஆனதற்காகப் பதறவேண்டியதில்லை. அதற்காக மறந்தும் போகக்கூடாது.

சென்னையில் வேலை பார்த்தபோது போட்டது, கல்யாணமாகி அரக்கோணம் வந்தாச்சு, அட்டை எந்தப் பெட்டியில் இருக்கிறதோ தெரியாது என்ற நிலையிலும் எடுப்பதில் தடை இல்லை. போட்ட மருத்துவரிடமே போகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. காப்பர் டி எடுக்கத் தெரிந்த எந்த மருத்துவருக்கும், பயிற்சி பெற்ற செவிலியருக்கும் இதையும் எடுக்கத் தெரியும்.

எடுக்கும் அந்த நேரம்

பரிசோதனைப் படுக்கையில் படுக்கவைத்து, கருவி வைத்துக் கர்ப்பப்பை வாயைப் பார்ப்பார்கள். காயிலின் வாலாக இரண்டு மெல்லிய நூல்கள் அங்கே தொங்கும். அவற்றை இடுக்கியால் பிடித்து நிதானமாக இழுத்தால் 'டி'யின் இரண்டு கைகளும் மேல்நோக்கி மடங்கி வெளியே வந்துவிடும். அந்த நொடி அடிவயிற்றில் சுருக்கென்று பிடிக்கும். பீரியட்ஸ் வலி மாதிரி சிலருக்கு அன்று மாலைவரை இருக்கலாம். வெறும் வயிற்றோடு போகவேண்டாம், வீட்டு ஆட்கள் ஒரு பட்டாளம் வரவேண்டாம்.

நூல் தென்படவில்லை என்றால் கதை கொஞ்சம் நீளும். பெரும்பாலும் அது கர்ப்பப்பை வாய்க்குள்ளேயே சுருண்டு கிடக்கும்; சிறு பிரஷ் போன்ற கருவியால் வெளியே கொண்டுவந்துவிடுவார்கள். அதுவும் முடியாவிட்டால் ஸ்கேன். ஸ்கேனிலும் கர்ப்பப்பைக்குள் காணவில்லை என்றால் வயிற்றுக்கு எக்ஸ்ரே. காயிலின் சட்டம் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. அபூர்வமாக, கேமரா வைத்து எடுக்கவேண்டி வந்தால் வேலூருக்கோ சென்னைக்கோ அனுப்புவார்கள். வீட்டில் தானே இழுத்துப் பார்க்கும் வீடியோக்கள் இணையத்தில் சுற்றுகின்றன. அது வேண்டாத வேலை. பாதி இறங்கி நின்றுபோன காயிலோடு ரயிலேறுவதில் என்ன சாமர்த்தியம்?

எடுத்த பின் ஓரிரு நாள் லேசான கறை தெரியலாம். காய்ச்சல், துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல், நாளுக்கு நாள் கூடும் வயிற்றுவலி, ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் என்று இரண்டு மணி நேரம் தொடர்ந்து நனைவது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடவேண்டும்.

முந்தைய ஏழு நாள்

இப்போது, யாரும் சொல்லாத அந்த எச்சரிக்கைக்கு வரலாம். ஹார்மோன் காயில் சினைப்பையைத் தூங்கவைக்கிறது என்றுதான் பொதுவான நம்பிக்கை. பெரும்பாலான பெண்களுக்கு அப்படி நடப்பதில்லை. காயில் உள்ளே இருக்கும்போதே, முதல் ஓராண்டு கடந்தபின், பல மாதங்களில் சினைமுட்டை வழக்கம்போல வெளியாகிக்கொண்டுதான் இருக்கும். காயில் செய்யும் வேலை வேறு: கர்ப்பப்பை வாயில் உள்ள சளியைக் கெட்டியாக்கி விந்தணுவை உள்ளே விடாமல் தடுக்கிறது, கர்ப்பப்பையின் உள்சுவரை மெலிதாக்குகிறது. காவலாளியைத்தான் நிறுத்தி வைத்திருக்கிறோம். வீட்டுக்குள் வேலை நிற்கவில்லை.

விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள்வரை உயிரோடு இருக்கும். திங்கள்கிழமை உறவு, புதன்கிழமை காயில் நீக்கம், வியாழன் அன்று சினைமுட்டை வெளியீடு என்று அமைந்தால் கரு தரிக்கலாம். அதாவது, எடுப்பதற்கு முன் நடந்த உறவுக்கே எடுத்த பின் விளைவு இருக்கும். அதனால்தான் குழந்தை வேண்டாம் என்பவர்கள் எடுப்பதற்கு முந்தைய ஏழு நாளும் ஆணுறை பயன்படுத்தவேண்டும், அல்லது உறவைத் தவிர்க்கவேண்டும், அல்லது வேறு கருத்தடை முறையை ஒரு வாரம் முன்பே தொடங்கிவிடவேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. புதுக் காயில் போட வந்தவர்களுக்கும் இது பொருந்தும். அன்றைக்குப் பழையதை எடுத்தபின் புதியதைப் போட முடியாமல் போகவும் வாய்ப்பு உண்டு.

இந்தத் தகவல் பெண்ணுக்கு எடுக்கும் அன்று காலையில் கிடைத்துப் பயனில்லை. ஒரு வாரம் முன்பு, அப்பாயின்ட்மென்ட் வாங்கப் போனைப் போடும்போதே கிடைக்கவேண்டும். ரிசப்ஷனில் இருப்பவர் சொல்லக்கூடிய ஒரே வாக்கியம்தான்.

தமிழ்நாட்டில் இதற்கு இன்னொரு கனமும் இருக்கிறது. அவசரக் கருத்தடை மாத்திரையை 2005 முதல் நாட்டில் மருந்துச்சீட்டு இல்லாமலே வாங்கலாம். ஆனால் தமிழ்நாட்டில் பெரும்பாலான மருந்துக்கடைகளில் பல ஆண்டுகளாக அது இருப்பதே இல்லை. அதிகாரிகளின் கெடுபிடிக்குப் பயந்து வியாபாரிகள் வாங்கி வைப்பதையே விட்டுவிட்டார்கள். அரக்கோணத்தில் கேட்டால் "இல்லீங்க" என்ற பதிலும் ஒரு பார்வையும் கிடைக்கும். திருத்தணி தாண்டி எல்லையைக் கடந்தால் ஆந்திராவில் அதே மாத்திரை அலமாரியில் இருக்கும். வேடிக்கை என்னவென்றால், அந்த மாத்திரையில் இருப்பதும் இதே லெவோநார்ஜெஸ்ட்ரல்தான், 1.5 மில்லிகிராம். அதைப்போல முப்பது மடங்குக்கும் மேல் அடைத்த காயிலை மருத்துவமனையில் வெளிப்படையாகப் போடலாம். ஒரு மாத்திரையைக் கடையில் வாங்க முடியாது.

ஆகவே "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விடமுடியாத ஊர் இது. தவறிப்போய்விட்டால் 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, மருத்துவரிடம் போய்க் கேட்கவேண்டும். உறவு நடந்து ஐந்து நாளுக்குள் காப்பர் டி போட்டுக்கொண்டாலும் கருத்தரிப்பு தடுக்கப்படும். மாத்திரையைவிட அது நம்பகமானது, அரசு மருத்துவமனையில் இலவசமும்கூட.

திரும்பி வரும் பீரியட்ஸ்

காயில் போட்டு ஓராண்டில் ஐந்தில் ஒரு பெண்ணுக்கு மாதவிடாய் முழுக்க நின்றுவிடும். மற்றவர்களுக்கும் சொட்டுச் சொட்டாகத்தான் இருக்கும். நாலைந்து வருஷம் அப்படி வாழ்ந்து பழகிய பெண், நாப்கின் வாங்குவதையே மறந்திருப்பார். ஆடிக்கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்குப் போகவேண்டும் என்றால் நாள் எண்ணிப் பார்த்ததில்லை, வீட்டு விசேஷத்துக்கு மாத்திரை போட்டுத் தள்ளிவைத்ததில்லை. எடுத்தபின் அந்த எண்ணிக்கை எல்லாம் திரும்ப வரும்.

பெரும்பாலானவர்களுக்கு ஒரு மாதத்துக்குள் முதல் பீரியட்ஸ் வந்துவிடும். முதல் இரண்டு மூன்று சுழற்சி முன்பின் இருக்கலாம்: ஒரு மாதம் இருபது நாளில், அடுத்தது நாற்பது நாளில். மெலிந்திருந்த உள்சுவர் மறுபடி வளர்ந்து ஒழுங்குக்கு வர எடுக்கும் நேரம் அது. மூன்று மாதம் ஆகியும் வரவில்லை என்றால் முதலில் வீட்டிலேயே கர்ப்பப் பரிசோதனை, அடுத்து மருத்துவர்.

எவ்வளவு ரத்தம் போகும்? காயிலுக்கு முன்பு எவ்வளவு போனதோ அவ்வளவு. இங்கேதான் இரண்டு வகைப் பெண்களின் பாதை பிரிகிறது. வெறும் கருத்தடைக்காகப் போட்டவர்களுக்குப் பழைய சாதாரண பீரியட்ஸ் திரும்பும். எரிச்சலாக இருக்கும், ஆபத்து இல்லை. ஆனால் அளவுக்கு மீறிய ரத்தப்போக்குக்கு மருந்தாகவே போட்டவர்கள் உண்டு. ரத்தப்போக்கைப் பத்தில் ஒன்பது பங்குவரை குறைக்கக்கூடிய சாதனம் இது. எடுத்தால் அந்த நோய் அப்படியே காத்திருக்கும். காயில் அதைக் குணப்படுத்தவில்லை, அடக்கி வைத்திருந்தது.

இதைச் சொல்லாமல் அனுப்பினால் என்ன ஆகும்? இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின், கட்டிகட்டியாக ரத்தம், எட்டு நாள் நீடிப்பு. அரக்கோணத்தில் ஏறிச் சென்னையில் இறங்கும்வரை மின்சார ரயிலில் கூட்டத்தில் நின்று போகிற பெண்ணுக்கு, ஒவ்வொரு மாதமும் மூன்று நாள் விடுப்பு. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது. ஏற்கெனவே பாதிப் பேருக்கு ரத்தம் குறைவாக இருக்கும் இடத்தில், பெரும்போக்கைத் திரும்ப அவிழ்த்துவிட்டு "ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்று சொல்வது சரியில்லை. எடுக்கும் முன் ஒரு ஹீமோகுளோபின் பரிசோதனை, எடுத்து மூன்று மாதத்தில் இன்னொன்று. செலவு அதிகமில்லை.

இதில் இன்னொரு பொறியும் உண்டு. ஹார்மோன் காயிலை மறுபடி போடப் பணம் இல்லை, அரசு மருத்துவமனையில் காப்பர் டி இலவசம், அதைப் போட்டுக்கொள்ளலாம் என்று சிலர் போகிறார்கள். பெரும்போக்கு வரலாறு இருப்பவர்களுக்கு அது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவதுதான். முன்பு ஏன் ஹார்மோன் காயில் போடப்பட்டது என்பதை அங்கே சொல்லியே ஆகவேண்டும். டிரனெக்ஸாமிக் அமிலம், மெஃபினமிக் அமிலம், கருத்தடை மாத்திரை என்று ரத்தப்போக்கைக் குறைக்கப் பல வழிகள் இருக்கின்றன. பணம் இருந்தால் அதே நாளில் பழையதை எடுத்துப் புதிய ஹார்மோன் காயிலையும் வைத்துக்கொள்ளலாம். இடைவெளி விடத் தேவையில்லை. இந்தக் காயிலை உலக சுகாதார நிறுவனம் 2015ல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. காப்பர் டி கொடுக்கும் அதே ஜன்னலில் இதையும் அரசு கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். குறைந்தபட்சம் பெரும்போக்குக்குச் சிகிச்சையாகவாவது கொடுக்கலாம்.

ஏனென்றால், இது கிடைக்காத இடத்தில் அடுத்த பேச்சு நேராகக் கத்திக்குப் போகிறது. "ரெண்டு குழந்தை பெத்தாச்சு, இனி அது எதுக்கு? கர்ப்பப்பையை எடுத்துடலாம்." கேட்காத வீடு குறைவு. அரக்கோணத்தை ஒட்டிய ஆந்திராவின் கதை இதற்கு எச்சரிக்கை. 2015-16 தேசிய ஆய்வில் அங்கே 15-49 வயதுப் பெண்களில் 8.9 சதவீதம் பேருக்குக் கர்ப்பப்பை நீக்கப்பட்டிருந்தது; நாட்டின் சராசரி 3.2 சதவீதம். தேவையற்ற கர்ப்பப்பை நீக்கங்களைக் கண்காணிக்கும் வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் ஏற்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது. சில பெண்களுக்கு அந்த அறுவை சிகிச்சை உண்மையிலேயே தேவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் காயிலை எடுத்தபின் திரும்பி வந்த ரத்தப்போக்கைப் பார்த்துப் பயந்து, மூன்றாவது மாதத்தில் 36 வயதுப் பெண் எடுக்கவேண்டிய முடிவு அது அல்ல.

குழந்தைக்காக எடுப்பவர்கள்

இவர்களுக்குச் செய்தி நல்லது, சுருக்கமானது. காயில் எடுத்து ஓராண்டுக்குள் கருத்தரிக்க விரும்புபவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் கருத்தரிக்கிறார்கள். காயிலே போடாதவர்களின் கணக்குக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. "ஹார்மோன் வெளியேறட்டும், மூணு மாசம் பொறு" என்ற அறிவுரைக்கு அடிப்படை கிடையாது. ரத்தத்தில் இருக்கும் அந்தச் சிறு அளவு ஹார்மோன் சில நாட்களில் போய்விடும். முதல் பீரியட்ஸ் வருவதற்கு முன்பே கரு தரித்தாலும் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. பிரசவ தேதி கணக்கிட மட்டும் ஸ்கேன் தேவைப்படும்.

"தாமதமாகும்" என்ற பயம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், பெரும்பாலும் ஊசியிலிருந்துதான். அரசு மருத்துவமனைகளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் 'அந்தரா' ஊசியை நிறுத்தியபின் கருவுறும் திறன் திரும்பச் சில மாதங்கள் ஆகும். அது உண்மை. காயிலுக்கு அது பொருந்தாது. கருத்தடை என்றால் எல்லாமே ஒன்று என்று போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

ஃபோலிக் அமில மாத்திரையை, தினம் 400 மைக்ரோகிராம், எடுக்கும் முன்பே தொடங்கிவிடுவது நல்லது. வயது 35க்குக் கீழ் என்றால் ஓராண்டு, 35க்கு மேல் என்றால் ஆறு மாதம் முயன்றபின் மருத்துவரைப் பார்க்கலாம். இங்கே ஒரு உண்மையைச் சொல்லவேண்டும். 30 வயதில் போட்டு 36ல் எடுக்கும் பெண்ணுக்குக் கரு தரிக்கத் தாமதமானால் பழி காயிலின்மேல் விழும். கூடியது ஆறு வயது. அதன் பங்கை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அவர் கணவருக்கும் ஆறு வயது கூடியிருக்கிறது, அவரையும் பரிசோதிக்கவேண்டும் என்பது இன்னும் தாமதமாகத்தான் நினைவுக்கு வருகிறது.

ஹார்மோன் குறைந்ததும் மனசு சரியுமா?

காயிலை எடுத்தபின் சில வாரம் காரணமில்லாத அழுகை, சோர்வு, முகப்பரு, முடி உதிர்தல் என்று உலகம் முழுக்கப் பல பெண்கள் எழுதுகிறார்கள். இதைச் சரியாக அளந்து பார்த்த ஆய்வுகள் மிகக் குறைவு. சினைப்பை வேலைநிறுத்தம் செய்யாததாலும், ரத்தத்தில் கலக்கும் ஹார்மோன் அளவு சிறியது என்பதாலும், பெரும் சரிவு ஒன்று ஏற்படும் என்று மருத்துவம் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் நோயாளி அழுகிறேன் என்று சொல்லும்போது "அப்படியெல்லாம் வராது" என்பது பதில் ஆகாது. மாதச் சுழற்சியை உணராமல் இருந்தவருக்கு பீரியட்ஸுக்கு முந்தைய எரிச்சலும் வலியும் புதிதாகத் திரும்ப வந்திருக்கலாம், ரத்தசோகை இருக்கலாம், தைராய்டு இருக்கலாம். இரண்டு மூன்று சுழற்சியில் தணியாவிட்டால், அல்லது வேலைக்குப் போகவே முடியாத அளவுக்கு மனம் சோர்ந்தால், அதற்கான சிகிச்சையைத் தேடவேண்டும். எடை விஷயத்தில் மட்டும் அதிக எதிர்பார்ப்பு வேண்டாம். காயில் பத்து கிலோ ஏற்றவும் இல்லை, எடுத்தால் பத்து கிலோ இறங்கப்போவதும் இல்லை.

45 தாண்டியவர்கள் கதை தனி. காயில் இருக்கும்போது பீரியட்ஸ் ஏற்கெனவே நின்றிருப்பதால், இயற்கையான மாதவிடாய் நிறுத்தம் எப்போது வந்தது என்பதே தெரியாமல் போகும். 50 வயதில் எடுத்தபின் திடீரென உடம்பெல்லாம் கொதிக்கிறது, தூக்கம் வரவில்லை என்றால், காயிலை எடுத்ததன் பாதிப்பு என்று வீடு முழுக்க முடிவு கட்டிவிடும். பெரும்பாலும் அது வயதின் வேலை. ஆனால் ஒரு வருடம் பீரியட்ஸ் இல்லாமல் இருந்து பிறகு ரத்தம் பட்டால், ஒரு சொட்டாக இருந்தாலும், "காயில் எடுத்தது அப்படித்தான்" என்று விடக்கூடாது. கர்ப்பப்பைப் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்யும்வரை பரிசோதிக்கவேண்டிய அறிகுறி அது.

எடுக்கச் சொல்ல யாருக்கு உரிமை?

போட்டுக்கொண்ட பெண்ணுக்கு. காரணம் சொல்லவேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. கணவர் கையெழுத்து வேண்டும், மாமியார் கூட வரவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. "இவ்வளவு காசு போட்டு வெச்சாச்சு, இன்னும் ரெண்டு வருஷம் இருக்கட்டுமே" என்று மருத்துவர் ஆலோசனை சொல்லலாம். அதற்கு மேல் பிடித்து நிறுத்த முடியாது. எதிர்ப்பக்கமும் உண்டு: பேரன் வேண்டும் என்று வீட்டார் நெருக்கி, விருப்பமில்லாத பெண்ணை எடுக்க அழைத்து வருவது. அப்போது அவரிடம் தனியாக ஒரு நிமிடம் பேசவேண்டியது மருத்துவர் பொறுப்பு.

எடுப்பதை எளிதாக்கினால் எல்லோரும் எடுத்துவிடுவார்களே என்று திட்ட அதிகாரிகள் கவலைப்படுவது பழைய பழக்கம். வரலாறு வேறு சொல்கிறது. 1965ல் இந்திய அரசு லூப்பை நாடு முழுக்கக் கொண்டுபோனது. இலக்கு வைத்து, முகாம் போட்டு, லட்சக்கணக்கில் பொருத்தினார்கள். ரத்தப்போக்கும் வலியும் வந்த பெண்கள் திரும்பி வந்தபோது கவனிக்க ஆள் இல்லை, முன்கூட்டிச் சொன்னவரும் இல்லை. ஊருக்கு ஊர் வதந்தி பரவியது. ஓரிரண்டு ஆண்டிலேயே திட்டம் சரிந்தது. அதன்பின் குடும்பக் கட்டுப்பாடு என்றாலே அறுவை சிகிச்சைதான் என்று ஆகிப்போனது. இன்றும் தமிழ்நாட்டில் 15-49 வயதுள்ள திருமணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். எடுத்துக்கொள்ளலாம், எடுத்தால் இன்னது நடக்கும் என்று தெரிந்தவர்தான் அடுத்த முறையும் நம்பிப் போட்டுக்கொள்வார், தங்கைக்கும் சொல்வார்.

இதற்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். அப்பாயின்ட்மென்ட் கேட்கும்போதே ஏழு நாள் எச்சரிக்கை. எடுத்த அன்று கையில் அரைப் பக்கச் சீட்டு: எந்த வகைக் காயில் எடுக்கப்பட்டது, எந்தத் தேதி, அடுத்த கருத்தடை என்ன, எத்தனை மாதம் காத்திருந்து திரும்ப வரவேண்டும், எந்த அறிகுறிக்கு உடனே வரவேண்டும், எந்த எண்ணில் கூப்பிடவேண்டும். தமிழில் இருக்கவேண்டும்; அரக்கோணம், திருத்தணி பக்கம் என்றால் மறுபக்கத்தில் தெலுங்கிலும்.